இரவு ஷிப்ட்டில் என்னோடு நடந்தவர்கள்

புகைப்பழக்கத்தை விட்டவரைப் பார்த்தால் அவருடைய மன உறுதியைப் பாராட்டுவதே வழக்கமாக இருக்கிறது. நான் சிகரெட்டை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பாராட்டை முழுவதுமாக வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கோத்தகிரிக்கு அருகே நான் வேலை பார்க்கும் தேயிலைத் தொழிற்சாலையின் இரவு ஷிப்ட் ஆட்களுக்கும், என் மனைவிக்கும், கட்டணமில்லாத ஒரு தொலைபேசி எண்ணில் தமிழில் பேசிய ஆலோசகருக்கும், சாலை முனையில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவருக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுதி வைத்தால், விட நினைப்பவருக்கும், அதைவிட முக்கியமாக அவர் அருகில் இருப்பவருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

தேயிலைத் தூள் பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால் கொழுந்தைப் பரப்பி வாடவிடும் நீளமான தொட்டிகளான ட்ரஃப் பகுதியிலோ, அதை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரங்கள் ஓடும் இடத்திலோ, தூள் சலிக்கும் அறையிலோ யாரும் புகைக்க முடியாது. புகைப்பவர்கள் எல்லோரும் வெளியே வந்து, மதில் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். பகலில் வந்த கொழுந்து வாடி முடிய அரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால் எங்கள் வேலையில் பெரும்பகுதி இரவில்தான் நடக்கிறது. அந்த இரவுகளில், இயந்திரச் சத்தத்திலிருந்து விலகி நாலு பேர் நிதானமாகப் பேசிக்கொள்ள இருந்த ஒரே இடம் அந்த மதில் ஓரம். பச்சைத் தேயிலை விலை, மகளின் கல்லூரிக் கட்டணம், ஊரில் பாகம் பிரிக்காத நிலம் என்று எல்லாப் பேச்சும் அங்கேதான் நடக்கும். ஆகவே சிகரெட்டை விடுவது என்றால் அந்தப் பேச்சையும் அந்த ஆட்களையும் சேர்த்து விடுவது என்றே எனக்குத் தோன்றியது. புகையிலையைப் பற்றி எழுதுபவர்கள் நிக்கோட்டினைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்தத் தனிமைப் பயத்தைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் குறை.

நான் விடப்போவதைச் சொன்னதும், தேயிலையை உலர்த்தும் ட்ரையரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர்தான் வழி கண்டுபிடித்தார். "அண்ணா, நீங்க மதில் பக்கம் வரவேண்டாம், நாங்க எடைமேடைப் பக்கம் வந்துடறோம்" என்றார். அன்றிலிருந்து டீ நேரம் கொழுந்து எடைபோடும் மேடைக்கு இடம் மாறியது. புகைக்க வேண்டியவர்கள் மதில் பக்கம் போய் முடித்துவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்காருவார்கள். கேத்திப் பக்கத்திலிருந்து வரும் ஒருவர் தோட்டத்திலிருந்து கேரட்டைக் கழுவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, டிபன் டப்பாவில் கொண்டுவருவார். கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேலை இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வேறு கதையைத் தொடங்கிவிடுவார்.

புகைக்க வேண்டும் என்ற வேட்கை ஒரேயடியாக நாள் முழுதும் இருப்பதில்லை. ஏறி வரும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். அந்தச் சில நிமிடங்களைக் கடக்கத்தான் ஆள் துணை வேண்டும். நான் எழுந்து நின்றாலே யாராவது ஒருவர் கூடவே எழுந்துவிடுவார். தொழிற்சாலைக் கதவிலிருந்து லாரி நிற்கும் இடம் வரை போய்த் திரும்பி வருவோம். அதற்குள் அது இறங்கியிருக்கும். அறிவுரை எதுவும் அந்த நடையில் இருக்காது. புற்றுநோய்ப் படம் பாக்கெட்டின் மீதே அச்சாகியிருக்கும்போது, புகைப்பவருக்கு அதன் கேட்டை இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இல்லை என்றே நினைக்கிறேன்.

இங்கே மலையில் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் ஒரு சிகரெட் உடம்புக்குச் சூடு தரும் என்று பலரும் மனதார நம்புகிறார்கள், நானும் நம்பினேன். உண்மையில் நிக்கோட்டின் தோலுக்கு அருகில் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் விரல் நுனிகளுக்குப் போகும் ரத்தம் குறைந்து, கை முன்பைவிடக் குளிர்ந்துபோகிறது. இதோடு உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி அதைவிடச் சற்றுத் தாழ்வு. இந்த உயரத்தில் மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியில் கிடைப்பதைவிடக் குறைவு. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடோ ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. ஏற்கெனவே குறைவாகக் கிடைப்பதில் இன்னும் ஒரு பங்கை நாமே இழக்கிறோம். விட்ட ஒன்றிரண்டு நாட்களிலேயே அந்த வாயு ரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் நடுவே நிற்காமல் போக முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 2016-இல் தொடங்கப்பட்டது. 2018 முதல் சிகரெட், பீடி, புகையிலைப் பாக்கெட்டுகள் மீதும் அச்சாகி வருகிறது. நான் அழைத்தபோது தமிழில் பேசிய ஆலோசகர் முதலில் கேட்டது, காலையில் கண் விழித்த எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறீர்கள் என்பதைத்தான். அரை மணி நேரத்துக்குள் என்றால் உடல் நிக்கோட்டினை ஆழமாகச் சார்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு விடும் நாள் ஒன்றைக் குறிக்கச் சொன்னார். சொன்ன நாளில் அவர்களே திரும்ப அழைத்தார்கள். அதன் பிறகும் அழைத்தார்கள். நம்மைப் பார்த்தே இராத ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பது அந்த முதல் வாரத்தில் பெரிய ஆறுதல்.

வேட்கையைத் தணிக்க உதவும் நிக்கோட்டின் சூயிங்கத்தை மெல்லும் முறையையும் அவர்தான் விளக்கினார். மிட்டாய் போல விடாமல் மெல்லக் கூடாது. காரமோ சுறுசுறுவென்ற உணர்வோ நாக்கில் தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த உணர்வு குறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். அதை வாயில் வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் தவிர வேறு எதுவும் குடிக்கக் கூடாது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கு இது எளிதன்று; மாதிரி பார்க்க ஊற்றும் டீ போதாதென்று ஃபிளாஸ்க்கிலும் வந்துகொண்டே இருக்கும்.

டீயைப் பற்றி அவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்குப் புதிது. சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள், காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகைப்பதை நிறுத்தியதும் அந்தத் தூண்டுதல் போய்விடுவதால், முன்பு குடித்த அதே அளவு டீயிலிருந்தும் காப்பியிலிருந்தும் அதிகக் காஃபின் உடம்பில் தங்குகிறது. படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அவை எல்லாமே சிகரெட்டுக்கான ஏக்கம் என்று நாம் எண்ணிக்கொண்டு, மீண்டும் கடைக்குப் போகிறோம். இதை, தேயிலைத் தயாரிப்பைக் கவனித்துக்கொள்ளும் எங்கள் டீ மேக்கரிடம் சொன்னேன். அவர் மறுநாளே எனக்குப் பாதி கிளாஸ் டீ போதும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டார். இந்த மலையில் ஒருவருக்குப் பாதி கிளாஸ் டீ கொடுப்பது மரியாதைக் குறைவு. என் பொருட்டு அதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் என் மனைவி கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன்: "ஏங்க, நான் என்ன செய்யாம இருக்கணும்?" தினமும் 'இன்னைக்குப் பிடிச்சீங்களா' என்று கேட்க வேண்டாம், சட்டையை முகர்ந்து பார்க்க வேண்டாம், முதல் வாரம் எரிந்து விழுந்தால் பதில் பேச வேண்டாம் என்று சொன்னேன். மூன்றையும் அவள் காத்தாள். என் முதல் சிகரெட் கொல்லைப்புறத்தில் நின்று குடிக்கும் காப்பியோடு சேர்ந்தது என்பதை நான் சொல்லாமலே அறிந்திருந்தாள். காப்பியைப் பிறகு தருவதாகச் சொல்லி, எழுந்ததும் ராகிக் கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டு, பால் வாங்கி வரும் வேலையையும் என்னிடம் ஒப்படைத்தாள். கொல்லைப்புறத்தில் நான் நிற்கும் இடத்தில் விறகை அடுக்கிவிட்டாள்.

டீக்கடைப் பெரியவர் செய்தது சிறியதுதான். கல்லாவுக்குப் பின்னால் என் பிராண்டை எடுக்கத் தயாராக நீளும் அவர் கை, நான் சொன்ன நாளிலிருந்து வர்க்கி இருக்கும் கண்ணாடி ஜாடிக்குப் போனது. உதிரி சிகரெட் விற்றுக் கிடைக்கும் காசு அவருக்கு முக்கியம். அதை விட்டுக்கொடுத்தவரை நன்றியோடுதான் நினைக்க முடியும்.

அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 1971 முதல் 2003 வரை 12,067 பேரைத் தொடர்ந்து கவனித்த தகவல்களைக் கொண்டு நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் இருவரும் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவன் மனைவியில் ஒருவர் புகைப்பதை விட்டால் மற்றவர் புகைப்பதற்கான வாய்ப்பு 67 விழுக்காடு குறைகிறது; நண்பர் விட்டால் 36 விழுக்காடு; சிறிய நிறுவனத்தில் உடன் வேலை பார்ப்பவர் விட்டால் 34 விழுக்காடு. மனிதர்கள் கூட்டமாகவே விடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. எங்கள் தொழிற்சாலை சிறியது. எடைமேடைக்கு இடம் மாறிய பிறகு இரண்டு பேர் மதில் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இப்போது அந்த ட்ரையர் தம்பி விடத் தொடங்கியிருக்கிறார். பீடி பிடிப்பவர் அவர். சிகரெட்டைவிட அது இலேசானது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது, அப்படி எதுவும் இல்லை என்பதை ஆலோசகரே அவரிடம் விளக்கினார். அவருடைய மனைவி சந்தையில் என்னைப் பார்த்து, தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். காலையில் அவர் எங்கே நின்று முதல் பீடியைப் பற்றவைக்கிறார் என்பதைக் கவனிக்கச் சொன்னேன். சிடுசிடுப்பு முதல் சில நாட்களில்தான் கடுமையாக இருக்கும், பிறகு சில வாரங்களில் தணியும் என்பதையும், இடையில் ஒரு பீடி பிடித்துவிட்டார் என்று தெரிந்தாலும் அன்று இரவே எனக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள் என்பதையும் சொன்னேன். அடுத்த வாரம் எனக்கும் இரவு ஷிப்ட்தான்.