கூரை மேல் லாகூர்

லாகூர் நாணயச்சாலையில் அடித்த ஓட்டைக் காலணா ஒருவழியாக எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்துவிட்டது. குடும்பத்துக்கு என்றுதான் சொல்கிறேன். எனக்கு என்று சொல்லிக்கொள்ளும் பாக்கியம் இன்னும் வாய்க்கவில்லை. வண்டிச்சோலைப் பெரியம்மா இருக்கும் வரையில் வாய்க்கும் என்றும் தோன்றவில்லை.

ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்துச் சில்லறைக் காசுகளை ஆண்டுவாரியாகவும் நாணயச்சாலைவாரியாகவும் ஒரு முழு வரிசையாகச் சேர்த்துவிடுவது என்று பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்த புதிதில் தீர்மானித்தவள் நான். அந்தக் காசுகள் இந்த நீலகிரி மலையில் யாருடைய கையிலாவது புழங்கியவையாக இருக்க வேண்டும். கோயம்புத்தூருக்கு இறங்கிப்போய்க் கண்காட்சியில் வாங்கியவையாகவோ கைப்பேசியில் சொல்லி வரவழைத்தவையாகவோ இருக்கக் கூடாது என்று ஒரு விரதத்தையும் கூடவே எடுத்துக்கொண்டேன். அதனால், மற்றவர்கள் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடும் காரியம் எனக்குப் பணி ஓய்வையும் தாண்டி நீண்டுகொண்டிருக்கிறது. இந்த விரதத்தின் நியாயம் என் கணவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் ஒருமுறை சென்னையிலிருந்து, மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால் திரும்பப் பெறப்பட்ட 1911ஆம் ஆண்டு ரூபாயைத் திருமணநாள் பரிசாக வாங்கிவந்தார். அது ஐந்தாம் ஜார்ஜ் காசு, அதுவும் மலைக்குக் கீழே வாங்கியது என்பதால் வரிசையில் வைக்க முடியாது என்று சொல்லி வேறு பெட்டியில் போட்டுவிட்டேன். அந்தப் பன்றியைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

விரதம் என்றால் சும்மா இல்லை. குன்னூர் மார்க்கெட்டில் பழைய இரும்புக் கடைக்காரர் என்னைக் கண்டதும், நான் கேட்பதற்கு முன்பே இல்லை என்று தலையாட்டிவிடுகிறார். யார் வீட்டுக்குப் போனாலும் வாசற்படியில் காசு பதித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் நிமிர்ந்து நலம் விசாரிக்கிறேன். குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரு மூதாட்டி நான் காலில் விழுகிறேன் என்று எண்ணித் தீர்க்காயுசாக இருக்கும்படி வாழ்த்தியே விட்டார். கிடைத்த காசைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய பாடு. ஐப்பசியில் மூடும் பனிமூட்டம் தை பிறந்தும் விலகாத ஊரில் செம்புக் காசு பச்சைக் களிம்பு பிடிக்காமல் இருப்பதே அதிசயம். அதிலும் பிவிசி பிளாஸ்டிக்கில் செய்த மலிவான ஆல்பங்களில் வைத்தால், அந்தப் பிளாஸ்டிக்கே நாளடைவில் சிதைந்து அமிலம் கசிந்து காசைத் தின்றுவிடும். ஆகவே காகிதக் கூடுகளும், புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களுமாக என் அலமாரி பாலைவனம் போல வறண்டிருக்கிறது. கணவரின் தோல் செருப்புகளில்தான் பூஞ்சை பூத்திருக்கிறது.

வரிசையில் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் இல்லை. அது அசலைவிடப் போலியே அதிகம் கண்ணில் படும் அரிய காசு. இந்த மலையில் அதை வைத்திருப்பவர்கள் என்னிடம் சொல்லப்போவதும் இல்லை. மனத்தை அரித்துக்கொண்டிருந்தது லாகூர்க் காலணாதான். போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஏறத்தாழ ஐந்து கிராம் இருந்த காலணாவை இரண்டு கிராமாகச் சுருக்கி நடுவில் ஓட்டையும் போட்டு 1943இல் வெளியிட்டார்கள். ஓட்டை போட்டதில் மன்னரின் தலைக்கு இடமில்லாமல் போய்க் கிரீடம் மட்டும் மிஞ்சியது. பம்பாயும் கல்கத்தாவும் அடித்துத் தள்ளியது போதாமல் அதே ஆண்டில் லாகூரில் ஒரு நாணயச்சாலையைத் திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலிருந்தும் அடித்து வரவழைத்தார்கள். அத்தனை தூரத்துப் பிரிட்டோரியாக் காசு குன்னூரை அடுத்த வெலிங்டனில் ஒரு தையற்காரரின் பொத்தான் டப்பாவிலிருந்து எனக்குக் கிடைத்துவிட்டது. பொடி எழுத்தில் ‘எல்’ என்று பொறித்த லாகூர்க் காசு மட்டும் மலையேறி வந்ததற்கான அடையாளமே இல்லை. விலை என்று பார்த்தால் அது பெரிய காசு ஒன்றுமில்லை. விரதம் என்று வந்துவிட்ட பிறகு விலையா முக்கியம்?

இந்த நிலையில்தான் வண்டிச்சோலைப் பெரியம்மாவின் விறகுக் கொட்டகை ஒழுக ஆரம்பித்தது. நான் வர்க்கி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த நேரத்தில் மேஸ்திரி ஒரு தகரத்தைக் கழற்றி இறக்கியிருந்தார்; கழற்றிய நட்டுகளும் வாஷர்களும் ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடியில் கிடந்தன. வாஷர் என்று அவர் காட்டிய ஒன்றில் கிரீடம் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அக்காலத்தில் கடையில் வாஷர் வாங்குவதைவிட ஓட்டைக் காலணா மலிவு என்று அதையே போல்ட்டுக்கு மாட்டினார்கள் என்று எத்தனையோ இடங்களில் படித்திருக்கிறேன். குழந்தைப் பருவத்தில் எந்தக் கொட்டகையில் ஒளிந்து விளையாடினேனோ அதன் கூரை முழுவதும் அந்தக் காசாலேயே முடுக்கியிருக்கிறது என்பதை மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மூடியோடு எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

“ஏண்டி, அதை எடுத்துட்டா மழைக்கு நீ வந்து கூரை மேல உட்காருவியா?” என்றார் பெரியம்மா.

தார் வாஷர் வைத்துப் புது போல்ட்டு போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் மசியவில்லை. அதன்பின் விஞ்ஞானத்தின் துணையை நாடினேன். துத்தநாகம் பூசிய இரும்புத் தகரத்தோடு செம்பு ஒட்டிக்கொண்டிருக்க, இரண்டும் மழையில் நனைந்தால், செம்புக்கு ஒன்றும் ஆகாது, துத்தநாகந்தான் முதலில் அரிக்கும், பிறகு இரும்பு துருவேறும், ஆகவே கூரை ஒழுகுவதற்குக் காரணமே இந்தக் காசுகள்தான் என்று கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். ஒவ்வொரு காசைச் சுற்றியும் தகரம் துருவேறி ஓட்டையாகியிருப்பதை மேஸ்திரியும் விரலை விட்டுக் காட்டினார். பெரியம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அறுபது வருடம் ஒழுகாத கூரை நான் காசைக் கண்ட அன்றைக்குத்தான் விஞ்ஞானப்படி ஒழுகுகிறதோ என்று கேட்டார்.

பேச்சு வளர்ந்த பிறகுதான் அவை பெரியம்மாவின் காசு என்பது தெரியவந்தது. சிறுமியாக இருந்தபோது தாத்தா எஸ்டேட்டிலிருந்து வரும்போதெல்லாம் கொடுத்த ஓட்டைக் காலணாவைச் செலவழிக்காமல் சணல் கயிற்றில் கோத்துக் கோத்து, ரூபாய்க்கு அறுபத்து நான்கு என்ற கணக்கில் சரியாக இரண்டு ரூபாய்க்குச் சேர்த்து, அந்தக் கயிற்றோடுதான் கல்யாணம் ஆகி வந்திருக்கிறார். 1957இல் நயா பைசா வந்து, அணாக்கள் மெல்ல மெல்லச் செல்லாமல் போன பிறகும் அது டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு அவர் தாய்வீடு போயிருந்த சமயம் பார்த்துப் பெரியப்பா பெட்டியைத் திறந்து, கயிற்றை அறுத்து, கொட்டகையைக் கட்டி முடித்துவிட்டார். கைக்குழந்தையோடு திரும்பி வந்தவரிடம், உன் காசு எல்லாம் திருடன் எட்டாத இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று மேலே கை காட்டினாராம். பெரியம்மா எத்தனை நாள் பேசாமல் இருந்தார் என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார். கிரீடம் உள்ள பக்கம் ஒன்றுவிடாமல் வானத்தைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று பெரியப்பா ஏணியில் நின்றபடி பிடிவாதம் பிடித்ததை மட்டும் சொன்னார். சுதந்திரம் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் வெள்ளைக்கார ராஜாவின் கிரீடம் நனைந்து ஒழுக வேண்டும் என்பதில் அவருக்கு அப்படியொரு ஆசை. இதைச் சொல்லும்போது பெரியம்மா, அந்த மனிதர் இப்போதும் ஏணியின் மேல் நிற்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவின் தேசபக்தியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் காசில் ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் இருப்பது கிரீடம் உள்ள பக்கத்தில்தான். ஆறு பத்தாண்டு மழை அந்தப் பக்கத்தைக் கழுவித் தேய்த்திருக்க, ஒரு தகவலும் இல்லாத இலைவளையம் மட்டும் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு நேற்று அடித்தது போல இருந்தது.

கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது. கொட்டகை முழுவதற்கும் கலர் ஷீட்டு என் செலவில் போடுவது, பழைய காசுகளைப் பெரியம்மா பார்வையிட்டு அவருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தை நான் எடுத்துக்கொள்வது என்பது நிபந்தனை. ஷீட்டு, போல்ட்டு, கூலி என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்த கணவர், இதற்கு 1939 ரூபாயையே தேடியிருக்கலாம் போலிருக்கிறதே என்றார். பன்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார்.

முகட்டுத் தகட்டுக்கு அடியில் மழை படாமல் இருந்த போல்ட்டுகளில்தான் எழுத்து தெரிந்தது. பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியைப் பெரியம்மா தரவில்லை; தாமே ஒவ்வொன்றாகப் பார்த்தார். புளி போட்டுத் தேய்க்கலாமா என்று அவர் கேட்டபோதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்தது. கழுவித் தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் கையால் தொடமாட்டார்கள் என்று சொல்லி, தேங்காய் எண்ணெய் கிண்ணத்தையும் சேர்த்து எட்டத் தள்ளிவைத்தேன். நடுப்பகலில் அவர், “இதுல எல் போட்டிருக்கு” என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஆண்டு நாற்பத்து நான்கா, ஐந்தா என்று களிம்புக்குள் சரியாகத் தெரியவில்லை. எல் மட்டும் ஐயத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

லாகூரின் முதல் எழுத்து அது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், “லட்சுமிக்கும் அதுதானே முதல் எழுத்து” என்று சொல்லி அதைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். ஊரே பொன் கலந்தது என்று நம்பி உருக்கிய காலத்தில், தாமரை போட்ட இருபது பைசாவை லட்சுமி பூஜைக்கென்று நூற்றெட்டு சேர்த்து, இன்றுவரை ஒன்றைக்கூட எனக்குக் காட்டாத பெரியம்மாவிடம் நான் வேறு என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. தமக்குப் பிறகு அது எனக்குத்தான் என்று வாக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். அவருக்கு எண்பத்தேழு வயது, சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, முழங்கால் வலிகூட இல்லை.

அதோடும் முடிந்தபாடில்லை. வேலை எல்லாம் ஆன பிறகு மொத்தத்தையும் எண்ணினார். கயிற்றில் இருந்தது நூற்று இருபத்தெட்டு; இறக்கியது நூற்று இருபத்தேழு. மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என் கைப்பையில் வந்து நின்றுவிட்டது. விறகு அடுக்கைப் பிரித்துப் பார்த்தோம், சாக்கடையில் கை விட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. பெரியப்பாவே ஒன்றைப் போல்ட்டுக்கு மாட்டாமல் வைத்திருந்திருக்கலாம் என்று நான் சொன்னதற்கு, செத்தவர் மேல் பழி போடாதே என்று பதில் வந்தது. வேண்டுமானால் அந்த ஒரு காலணாவைக் கூரைக்கு நான் கொடுத்த பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நேற்று தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். கூரைக் கணக்கு வேறு, காசுக் கணக்கு வேறு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.