ஆச்சியின் பெருவிரல்

ஆறு மாத யூஐ டிசைன் (செயலிகளின் திரையை வடிவமைக்கும் வேலை) இன்டர்ன்ஷிப் நேற்றோடு முடிந்தது. ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் நான் அழகாகப் போட்டுவைத்திருந்த திரையை முக்கூடல் போனபோது ஆச்சியிடம் நீட்டினேன், பீடி சுற்றிச் சுற்றித் தேய்ந்த பெருவிரலால் நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு "என்னல இது, ஒண்ணும் அசையமாட்டேங்கு" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டாள். பொத்தான் 32 டிபி (ஆண்ட்ராய்டுத் திரையில் நீள அகலம் சொல்லும் அலகு); ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்வதே குறைந்தது 48. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து வேறு (எனக்கு அது ஸ்டைலாம்!), எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதைவிடக் கூத்து, 'சேவ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பெட்டிக்குள் 'சேமிக்கவும்' நுழையாமல் 'சேமிக்...' என்று தொங்கியது. இப்போதெல்லாம் முதலில் தமிழை எழுதிவிட்டுத்தான் பெட்டியையே வரைகிறேன். சரி, புதுத் திரையை ஆச்சிக்கு இன்னும் காட்டவில்லை, கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.