11ஆம் குரோமோசோமில் ஓர் உறவு

மார்ச் 4

இரண்டு குடும்பங்களின் வம்சாவளிப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் கழுத்தில் மெதுவாக வளரும் பாராகாங்லியோமா கட்டி, இரண்டிலும் 11ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்டிஎச்டி மரபணுவில் டிஎன்ஏவின் அதே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இவர்களுக்குள் அறிமுகமே இல்லை. சொந்தமாக இருக்குமோ என்று மனசு உடனே ஓடுகிறது, ஆனால் ஒரே இடத்தில் ஒரே பிழை தனித்தனியாக நேரவும் வாய்ப்பு உண்டு. அதன் அக்கம்பக்கத்தையும் பார்க்கணும்.

மார்ச் 9

அக்கம்பக்கத்தின் அட்டவணை வந்துவிட்டது! மாற்றத்தின் ஒரு பக்கத்து மார்க்கர்கள், அதாவது ஆளுக்கு ஆள் வேறுபடும் டிஎன்ஏ அடையாளங்கள், எல்லாமே இரு குடும்பத்துக்கும் அப்படியே பொருந்துகின்றன. மறுபக்கம் வெகுதூரம் ஒத்துப்போய், கடைசி மார்க்கரில்தான் பிரிகின்றன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும், அதனால் மூதாதையிடமிருந்து வந்த துண்டு தலைமுறைக்குத் தலைமுறை இரு முனையிலும் தேய்ந்துகொண்டே வரும். நீளமாக மிஞ்சியிருந்தால் பொது மூதாதை சமீபத்தவர். இங்கே நீளம்தான், இந்த வரிசை மற்றவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவதும் இல்லை.

மார்ச் 10

அப்புறம் ஏன் உறவு யாருக்கும் தெரியவில்லை? இந்த மரபணுவின் குணம் அப்படி. அப்பாவிடமிருந்து வந்தால்தான் கட்டி. அம்மாவிடமிருந்து பெற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட வருவதே இல்லை, ஆனால் மாற்றம் உள்ளே இருக்கும். நெதர்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 1989லேயே இதை எழுதிவிட்டார்கள், மரபணு பிடிபட்டது 2000இல்தான். அங்கே பல குடும்பங்கள் ஒரே மூதாதையின் மாற்றத்தைச் சுமப்பதும் பிறகு தெரிந்தது. ஒரு பெண் வழியாக இறங்கினால் அவள் பிள்ளைகள் நலமாக இருப்பார்கள், அவள் மகனின் பிள்ளைகளிடம் கட்டி திரும்ப வரலாம். "குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்று கோப்பில் இருப்பதை இனி அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மார்ச் 17

பிரேசிலின் பரானா மாநிலத்தில் 1,71,649 பச்சிளங்குழந்தைகளைச் சோதித்ததில் 461 பேரிடம் புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவின் ஒரே மாற்றம் இருந்தது. அதுவும் ஒரு மூதாதையிடமிருந்து பரவியதுதான். பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டியை முளையிலேயே பிடிக்க அந்தச் சோதனை உதவியது.

மார்ச் 20

மரபணு ஆலோசகரிடம் பேசினேன். இரு குடும்பங்களையும் நாமாக அறிமுகப்படுத்தக் கூடாது, அவரவர் சம்மதம் வேண்டும். சரி, நியாயம். ஆனால் மாற்றம் இன்னதென்று தெரிந்துவிட்டதால் உறவினர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். அவர்கள் கையில் கொடுக்க எளிய தமிழில் ஒரு கடிதம் எழுதுகிறோம். சோதனை அப்பாவிடமிருந்து பெற்றிருக்கக்கூடியவர்களுக்கு முதலில், இப்போது எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும்.