எரிச்சே: காற்று, மேகம், பாதாம், நாற்பது யூரோ டாக்சி

நாற்பது யூரோ! ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாலாயிரம் ரூபாய். மலையடிவாரத்திலிருந்து மேலே ஏற, கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் சேர்த்தாலும் அரை மணி நேரம் ஆகாத தூரத்துக்கு. முதலில் அந்த டாக்சிக்காரர் கேட்டது அறுபது. மீட்டர் எங்கே என்று கேட்டால் காற்றைக் காட்டுகிறார். காற்றுக்கும் மீட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு இத்தாலியன் போதவில்லை.

சம்பந்தம் இருக்கத்தான் செய்தது. சிசிலித் தீவின் மேற்கு முனையில் டிராப்பனி என்று ஒரு துறைமுக நகரம். அதன் தலைக்கு மேலே சுமார் 750 மீட்டர் உயரத்தில் எரிச்சே என்ற மலை ஊர். டிராப்பனியின் புறநகரிலிருந்து மேலே ஏற ரோப்கார் இருக்கிறது; போய்வர ஆளுக்குப் பத்து யூரோவை ஒட்டி வரும், பத்து நிமிடத்தில் மேலே இறக்கிவிடும். ஆனால் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். நாங்கள் போன அன்று ஆப்பிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று வீசிக்கொண்டிருந்தது. வெந்நீர் அண்டாவைத் திறந்ததுபோல முகத்தில் அறையும் காற்று. ஸ்டேஷன் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்கு உள்ளே இருந்தவர் தோளைக் குலுக்கினார். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி ஒரு பஸ் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெயிலில் முக்கால் மணி நேரம் பெட்டியோடு நின்ற பிறகு நாற்பது யூரோ நியாயமாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். அந்த டிரைவருக்கு அது நன்றாகத் தெரியும்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முயற்சி செய்கிறேன்.

சிசிலியின் தலைநகர் பலெர்மோவிலிருந்து டிராப்பனிக்குப் பஸ்தான் வசதி. இரண்டு மணி நேரம், ஏசி வண்டி, குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளூர் பஸ்களுக்கு டிக்கெட்டை 'T' என்று பெரிதாகப் பலகை வைத்திருக்கும் புகையிலைக் கடைகளில் முன்பே வாங்கிவிடுவது நல்லது. ஏறியதும் வண்டியில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் அதைக் குத்தவும் வேண்டும். குத்தாத டிக்கெட் கையில் இருந்தும் பரிசோதகரிடம் அபராதம் கட்டிய ஒரு தென்கொரியப் பையனைக் கண்ணால் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைகளில் பாதி மூடியிருக்கும். இந்த ஊர்களில் ஞாயிறு மதியம் ஒரு வேலையும் நடக்காது என்று முடிவு கட்டிவிட்டுத் திட்டம் போடுங்கள்.

தங்குமிடம் பற்றி என் கருத்து ஒன்றே ஒன்றுதான்: மேலேயே ஒரு ராத்திரி தங்குங்கள். டிராப்பனியில் அறை மலிவு, உண்மைதான். எங்களுக்கு மேலே எழுபத்தைந்து யூரோ ஆனது. கீழே ஐம்பதுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரை எரிச்சே என்பது குடை பிடித்த வழிகாட்டியும் பின்னால் நாற்பது பேரும்தான். கப்பலில் வருகிறவர்கள், பஸ்ஸில் வருகிறவர்கள், எல்லோரும் அதே நேரத்தில் அதே தெருவில். ஐந்து மணிக்கு மேல் யாரோ குழாயை மூடியதுபோல் கூட்டம் வற்றிவிடும். குளிர்காலத்தில் இந்தக் கோட்டைச் சுவருக்குள் வசிப்பவர்களே சில நூறு பேர்தானாம். எரிச்சே நகராட்சியின் மக்கள்தொகையில் பெரும்பகுதி மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே மிச்சம் கல்லும் பூனையும்.

அறை ஒரு பழைய கல் வீட்டில். சுவர் இரண்டடி கனம். கீழே அனல் அடித்துக்கொண்டிருக்க, இங்கே ஏப்ரல் கடைசியில் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. ஹீட்டரைப் போடலாமா என்று கேட்டால் வீட்டுக்கார அம்மாள் காலண்டரைக் காட்டிச் சிரித்தார். கூடுதலாக இரண்டு கம்பளி தந்தார். காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தி என்பதால் மன்னித்தேன்.

தெருக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளக் கற்களால் சதுரம் சதுரமாகக் கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சின்னச் சின்னக் கற்களை நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். பல நூறு வருஷக் கால்தேய்ப்பில் கண்ணாடியாக மின்னுகிறது. பார்க்க அழகு, நடக்க ஆபத்து. மேகம் இறங்கி ஈரமானால் சறுக்குமரம். ரப்பர் செருப்போடு வந்த ஒருவர் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கியதைப் பார்த்தோம். முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இருமுறை யோசியுங்கள். சில சந்துகளில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஊர் முக்கோண வடிவம். ஒரு முனையில் போர்த்தா டிராப்பனி என்ற வாசல், அதன் பக்கத்தில் தாய்க் கோயில் என்று அழைக்கப்படும் பெரிய தேவாலயம். 1314-ல் அரகோன் வம்சத்து அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் காலத்தில் கட்டியது. மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. அது முதலில் காவல் கோபுரமாக இருந்ததாம். வெளியே முரட்டுக் கோட்டை மாதிரி இருக்கிற கட்டடம், உள்ளே போனால் கூரை முழுக்க வெள்ளைச் சரிகை வேலைப்பாடு. அது 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தபோது செய்தது. என் மனைவிக்கு மிகவும் பிடித்துப்போனது. எனக்குக் கல்யாண மண்டப அலங்காரம் ஞாபகம் வந்தது, சொல்லவில்லை.

இன்னொரு முனையில்தான் விஷயம் இருக்கிறது. செங்குத்தான பாறை உச்சியில், 12-ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் கட்டிய வீனஸ் கோட்டை. அதற்கு முன்னால் அங்கே இருந்தது ஒரு பெண் தெய்வத்தின் கோயில். எலிமியர் என்ற பழங்குடியினர் கும்பிட்ட தெய்வத்தை ஃபினீசியர்கள் அஸ்தார்த்தே என்றார்கள், கிரேக்கர்கள் அஃப்ரோடைட் என்றார்கள், ரோமானியர்கள் வீனஸ் என்றார்கள். ஆட்சி மாறியது, பெயர் மாறியது, பாறை மாறவில்லை. இந்த அம்மன்மீது ரோமானியர்களுக்கு எவ்வளவு பயபக்தி என்றால், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் கி.மு. 217-ல் திராசிமீன் ஏரிக்கரையில் செமத்தியாக அடிவாங்கிய பிறகு, இவளுக்கென்று ரோமிலேயே கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டு, கி.மு. 215-ல் கேப்பிட்டோல் குன்றில் கட்டியும் முடித்தார்கள். அடிவாங்கினால் நேர்த்திக்கடன், இது எல்லா ஊருக்கும் பொது.

புறாக் கதை எனக்கு இன்னும் பிடித்தது. பழைய கிரேக்க எழுத்தாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்: வருஷத்தில் ஒரு நாள் தெய்வம் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டுப் போவாளாம், கோயில் புறாக்கள் எல்லாம் அவளோடு கடல் தாண்டிப் பறந்துவிடுமாம். ஒன்பது நாள் கழித்து முதலில் ஒரு சிவந்த புறா திரும்பி வருமாம், பின்னால் மொத்தக் கூட்டமும். இரண்டுக்கும் திருவிழா. இப்போது கோட்டைக்குள் கோயில் என்று சொல்ல அதிகம் இல்லை; கொஞ்சம் கல், ஒரு கிணறு. டிக்கெட்டுக்குத் தகுந்த மாதிரி ஒன்றுமில்லையே என்று முதல் ஐந்து நிமிடம் முணுமுணுத்தேன். பிறகு மதில் விளிம்புக்குப் போனோம்.

கீழே டிராப்பனி ஒரு அரிவாள் மாதிரி வளைந்து கடலுக்குள் நீண்டிருக்கிறது. பழைய கிரேக்கர்கள் அதற்கு வைத்த பெயரும் அரிவாள்தான். இடப்பக்கம் உப்பளங்கள், கட்டம் கட்டமாக ரோஸ், சாம்பல், வெள்ளை. நேரே எகாதித் தீவுகள்: ஃபவிஞ்ஞானா, லெவன்சோ, தூரத்தில் மாரேத்திமோ. கி.மு. 241-ல் ரோமும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜும் மோதிய முதல் பெரிய யுத்தத்தை முடித்துவைத்த கடற்போர் அந்தத் தண்ணீரில்தான் நடந்தது. அதற்கு முன்பு சில வருஷம் இதே மலைச்சரிவில் படையோடு உட்கார்ந்துகொண்டு ரோமானியர்களுக்குத் தண்ணி காட்டியவர் ஹன்னிபாலின் அப்பா ஹமில்கார் பார்கா. மலையில் தோற்காத மனிதர், கடலில் வேறொருவர் தோற்றதற்காக இறங்கிப் போக வேண்டியதாயிற்று. மதிலில் சாய்ந்துகொண்டு இதை எல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, "ஏங்க, அந்த ஃபோனைக் கொஞ்சம் பிடிங்க, தலைமுடியைக் கட்டிக்கிறேன்" என்றாள். காற்று அப்படி.

வரிசை தப்பிவிட்டது, தெரிகிறது. சாப்பாட்டுக்கு வருகிறேன்.

எரிச்சேயில் சாப்பிட வேண்டியது ஜெனொவேஸே. மாவுக்கூட்டுக்குள் கெட்டியான பால் கஸ்டர்ட் வைத்து, அடுப்பிலிருந்து எடுத்தவுடன் மேலே பொடித்த சர்க்கரை தூவிக் கையில் தருகிறார்கள். சூடாகத்தான் சாப்பிட வேண்டும். கடித்தவுடன் உள்ளிருந்து கஸ்டர்ட் மெதுவாக வழியும், மூக்கிலும் சட்டையிலும் சர்க்கரை. நான் கறுப்புச் சட்டை போட்டிருந்தேன். இந்த ஊரின் இனிப்புகள் எல்லாம் கன்னிமடங்களில் பிறந்தவை. மரியா கிராமாத்திகோ என்ற அம்மையார், போருக்குப் பிந்திய வறுமையில் சிறுமியாக சான் கார்லோ மடத்து விடுதியில் சேர்க்கப்பட்டு, அங்கே பாதாம் உரித்து, அரைத்து, பிசைந்து கற்றுக்கொண்டதை வெளியே வந்து கடையாக வைத்தார். அந்தக் கடை இன்று உலகப் பிரசித்தம். பாதாம் விழுதில் பழம் மாதிரியே செய்து வண்ணம் தீட்டிய மார்த்தொரானாவும் உண்டு. அழகு, ஆனால் பல் கூசும் தித்திப்பு. காசை ஜெனொவேஸேயில் போடுங்கள். முட்டை உண்டு, சாப்பிடாதவர்கள் கவனிக்க.

சைவம் பற்றி எப்போதும் கேட்பீர்கள். மனைவி சைவம், சிசிலியில் ஒரு வேளையும் பட்டினி கிடக்கவில்லை. ராத்திரி சாப்பிட்டது புசியாத்தே: குச்சியில் சுற்றிச் சுருட்டி எடுத்த பாஸ்தா. அதற்கு டிராப்பனி பெஸ்தோ என்ற துவையல். பாதாம், பழுத்த தக்காளி, துளசி வாசனையுள்ள பசில் இலை, பக்கத்து நூபியா கிராமத்துச் சிவப்புப் பூண்டு, ஆலிவ் எண்ணெய், எல்லாம் கல்லுரலில் இடித்தது. பூண்டை அடக்கி வாசிக்கவே இல்லை, அதுதான் பெருமை. ஜெனோவாக் கப்பல்காரர்கள் இங்கே வந்து போனபோது விட்டுச்சென்ற பக்குவத்தை உள்ளூர்க்காரர்கள் பாதாம் போட்டு மாற்றிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். நான் மீன் குழம்பு ஊற்றிய கூஸ்கூஸ் சாப்பிட்டேன். அரபு நாட்டு உணவு இங்கே சொந்தமாகிவிட்டது. எச்சரிக்கை இரண்டு: பலெர்மோவில் 'புர்ரோ' என்று சொல்லி விற்கும் அரான்சினா அரிசி உருண்டையில் வெண்ணெய் மட்டுமில்லை, பன்றித் தொடைக்கறியும் இருக்கும். இங்கே கிடைக்கும் பானே கூன்சாத்தோ ரொட்டியில் நெத்திலி வைப்பார்கள், வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள்.

பில்லில் 'கோப்பெர்த்தோ' என்று ஆளுக்கு இரண்டரை யூரோ இருந்தது. உட்கார்ந்ததற்குக் கட்டணம். ஏமாற்று இல்லை, மெனுவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தண்ணீர் பாட்டில் மூன்று யூரோ, அதுதான் எரிச்சல். ஆனாலும் தவோர்மினாவோடு ஒப்பிட்டால் இது தர்மச் சாப்பாடு. சிசிலி என்றதும் எல்லோரும் தவோர்மினாவுக்கு ஓடுகிறார்கள். நானும் போனேன், நகைக்கடைத் தெருவில் நடந்த மாதிரிதான் இருந்தது. இரண்டில் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு எரிச்சே.

சாப்பிட்டு வெளியே வந்தால் தெரு இல்லை. காற்று நின்று மேகம் ஊருக்குள் வந்துவிட்டது. வீனஸின் முத்தம் என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் நடந்து அறையைக் கண்டுபிடித்தோம். வழியில் ஒரு மடத்து வாசலில் எத்தோரே மயொரானா அறிவியல் மையத்தின் பலகை. 1960-களின் தொடக்கத்தில் அந்தோனினோ சிகிகி என்ற இயற்பியலாளர் தொடங்கியது. பாழடைந்த மடங்களைப் புதுப்பித்து உலக விஞ்ஞானிகளைக் கூட்டிவந்து பாடம் நடத்துகிறார்கள். 1938-ல் பலெர்மோவிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கப்பலேறிக் காணாமல் போன இயற்பியலாளரின் பெயரை, மேகத்தில் காணாமல் போகும் ஊரில் வைத்திருக்கிறார்கள்.

காலையில் ரோப்கார் ஓடியது. இறங்கியதும் உப்பளம் பார்க்கலாம் என்றேன். "தூத்துக்குடிக்காரிக்கு உப்பளம் காட்ட இத்தாலி வரைக்குமா?" என்றாள். போனோம். நூபியா பக்கம் சின்னதாக உப்பு அருங்காட்சியகம் இருக்கிறது. காற்றாலைகளை வைத்துத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி ஏற்றியிருக்கிறார்கள், திருகு மாதிரி ஒரு மரச் சாதனத்தால். குவித்த உப்பின் மேல் மழைக்கு ஓடு அடுக்குகிறார்கள். "நாங்க ஓலை போடுவோம்" என்று வழிகாட்டிப் பெண்ணிடம் சைகையிலேயே விளக்கி, பாத்தி எத்தனை நாள் காயும், கூலி எவ்வளவு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். வந்த பஸ்ஸையும் விட்டோம். உப்பு அறுவடை கோடையில்தான், ஜூலைக்கு மேல் போனால் குவியல்களைப் பார்க்கலாம். நிழலே கிடையாது, தொப்பி அவசியம். சாயங்காலம் போகிறவர்கள் கொசுமருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.