பத்து பேரு சேந்தாத்தான் பாட்டில்

2021 ஜூன்ல எனக்கு கொரோனா ஊசி போடுத டூட்டி, திருநெல்வேலிப் பக்கம் பாபநாசத்துக்கு மேல, காணிக்காரங்கன்னு மலைவாழ் சனங்க குடியிருப்புக்கு. காண்ட்ராக்ட் நர்ஸ், சேந்து ஒரு வருஷம் கூட ஆகல. விடிஞ்சதும் வேக்சின் கேரியர்ல ஐஸ் பேக் அடுக்கி மடில வச்சிக்கிட்டு ஜீப்ல ஏறுனா, செக்போஸ்ட்ல பேரு எழுதிட்டுத்தான் விடுவாங்க, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்லா, நெனச்ச நேரத்துக்கு யாரும் உள்ள போயிர முடியாது.

இவங்களுக்கு கொரோனான்னா என்னன்னே தெரியாது, எல்லாத்தையும் மொதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணும்னு நெனச்சுத்தான் போனேன். ஊருக்குள்ள நுழையுத எடத்துலயே பாதைக்குக் குறுக்க மூங்கில் கட்டிக் கெடக்கு, பக்கத்துல தண்ணிக் குடம், சோப்பு. 2020 மார்ச்ல ஊரடங்கு போட்டப்பவே கட்டுனதாம். யாராவது கீழ வி.கே.புரம், அம்பாசமுத்திரம் போயிட்டு வந்தா நேரா வீட்டுக்குள்ள விடுததில்ல, பன்னி வராம பாக்க மரச்சீனி விளைல காவப் பரண் இருக்கும்லா, அதுல கொஞ்ச நாள் கெடந்துட்டுத்தான் வரணும். சாப்பாட்டப் பாறைல வச்சிட்டு தள்ளி நின்னு சத்தம் குடுப்பாங்களாம். நான் கொண்டு போன நோட்டீஸ வெளியவே எடுக்கல.

ஆனா 'காட்டு ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாது, மூலிகை தின்னு வளந்த ஒடம்பு'ன்னு கீழ பேசுவாங்க பாருங்க, அதக் கேட்டா எரிச்சல்தான் வரும். மிளகும் தேனும் எடுக்க வியாபாரி மேல வரல, கிழங்கு மண்ணுக்குள்ளயே முத்திக் கெடந்துச்சு. ரேஷன் அரிசி வந்துச்சு, எண்ணெய்க்குக் காசு? கிழங்கு இருந்ததால பட்டினி இல்லன்னு ஒரு அக்கா சொன்னாவ, கூடவே "அதையே எத்தன நாளு திங்க நர்சம்மா"ன்னும் கேட்டாவ. ஆன்லைன் கிளாஸ் பத்திக் கேக்கவே வேண்டாம், சிக்னலுக்காக ஒரு பையன் பாறை பாறையா ஏறுவான், ஏறி முடிக்கையில போன்ல சார்ஜ் இருக்காது.

மொத தடவை ஊசிக்கு வந்தது மூணே பேரு. ஊசி போட்டா ரெண்டு வருஷத்துல செத்துருவோம்னு வாட்ஸ்அப் சேதி, டவரே இல்லாத ஊருக்கு எப்படியோ வந்து சேந்துருக்கு! கோவிஷீல்டு ஒரு பாட்டில்ல பத்து டோஸு, திறந்தா நாலு மணி நேரத்துல முடிச்சாகணும். மூணு பேருக்குத் திறந்தா ஏழு வீணு, நான் தெறக்காமலே கிளம்பிட்டேன். அப்பதான் மூட்டுக்காணி, அவங்க ஊர்த் தலைவரு, ஏன் போடலன்னு கேட்டாரு. சொன்னேன். "பத்து பத்தாத்தான? பாதி ஆளுவ தேனெடுக்கப் போயிருக்காவ. எந்த நாள்னு நான் சொல்லுதேன், அப்ப வாங்க."

ஆபீஸ்ல தேதி மாத்தச் சொல்லி நான் வாங்குன ஏச்சு தனிக்கதை. மறுவாரம் போனா கோயில் பக்கத்து மரத்தடில வரிசையா உக்காந்துருக்காங்க. மூட்டுக்காணி கண்ணு செவந்து கெடக்கு, காய்ச்சலான்னு பயந்துட்டேன். ராத்திரி முழுக்க கொக்கரைன்னு ஒரு இரும்பு வாத்தியத்த உரசி நோய் போகப் பாடுனாங்களாம். "அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது"ன்னு மொத ஆளா கைய நீட்டிட்டாரு.

பத்தொம்பது பேரு இருந்தாங்க. ரெண்டாவது பாட்டிலுக்கு ஒரு ஆள் கொறையுது. அவரு சுத்திப் பாத்துட்டு ஜீப்பப் பாத்தாரு. எங்க டிரைவர் அண்ணன் நாலு மாசமா 'பிரஷர் இருக்கு, சுகர் இருக்கு'ன்னு ஊசிக்கு டிமிக்கி குடுத்துக்கிட்டிருந்த ஆளு, எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

"நீங்க போட்டாச்சா தம்பி?"

அண்ணன் என்னப் பாத்தாரு, நான் கேரியரப் பாத்தேன். கண்ண இறுக்க மூடிக்கிட்டு உக்காந்தாரு, பிள்ளைகல்லாம் ஒரே சிரிப்பு.

நெட்டு இல்லாததால எல்லாப் பேரையும் நோட்டுல எழுதி, கீழ எறங்கி ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கோவின்ல, அதான் ஊசி போட்டவங்கள பதியுத வெப்சைட்ல, ஏத்துனேன். 84 நாள் கழிச்சு ரெண்டாவது டோஸுக்குப் போனப்ப மூட்டுக்காணி எனக்கு வணக்கம் சொல்லுததுக்கு முன்னாடியே ஜீப்ப எட்டிப் பாத்தாரு.

"டிரைவர் வந்துருக்காருல்லா?"