நிமலராஜனுக்கு ஓர் அறிவித்தல்

ஒக்டோபர் 10, 2025 – வெள்ளி

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒட்டுவதற்கு யாழ்ப்பாண ஊடகவியலாளர் நிமலராஜனைப் பற்றிப் பத்து வரி எழுதித் தரச் சொன்னார்கள். வரும் 19ஆம் திகதியோடு அவரைக் கொன்று 25 வருடம். பத்து வரிதானே என்று இரவு உட்கார்ந்தேன். "மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்" என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. "இனந்தெரியாத" என்பதைக் கை தானாகவே எழுதியிருந்தது. சின்ன வயதிலிருந்து பேப்பரில் பார்த்துப் பார்த்துப் பழகிய சொல்.

ஒக்டோபர் 12 – ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன். "சண்டையால பாதை பூட்டிக் கிடந்த காலம். அவற்ற குரல் றேடியோவில கேட்டாத்தான் பக்கத்து ஊரில என்ன நடந்ததெண்டே தெரியும்" என்றார். பிபிசி தமிழோசையைத்தான் சொல்கிறார். எனக்கு அப்போது 11 வயது. செய்தி முடியும்வரை வீட்டில் ஒருவரும் கதைக்கக் கூடாது.

நிமலராஜன் வீரகேசரிக்கு எழுதினார். பிபிசியின் சிங்களச் சேவையான சந்தேசயவுக்கும், ராவய என்ற சிங்கள வார இதழுக்கும் செய்தி கொடுத்தார். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எங்கள் துயரத்தை எங்களுக்கே சொல்வது ஒரு வேலை. அதைத் தெற்கில் இருப்பவர்கள் அவர்களுடைய மொழியிலேயே கேட்கச் செய்வது இன்னொரு வேலை. இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்திலேயே இருந்துகொண்டு அவர் இரண்டையும் செய்தார்.

ஒக்டோபர் 14 – செவ்வாய்

யாழ்ப்பாணத்துச் செம்மணி மனிதப் புதைகுழியில் இந்த வருடம் தோண்டத் தோண்ட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15. நிமலராஜன் இருந்திருந்தால் இப்போது அறுபதை கடந்திருப்பார். ஆனாலும் செய்தி எடுக்கப் போய் நின்றிருப்பார்.

ஒக்டோபர் 16 – வியாழன்

அந்த ஒரு சொல்லிலேயே நிற்கிறேன்.

2000 ஒக்டோபர் 10 பாராளுமன்றத் தேர்தல். யாழ்ப்பாணத்தில் நடந்த மிரட்டல்களையும் வாக்கு மோசடிகளையும் அவர் வெளியே சொன்னார். ஒன்பதாம் நாள் இரவு வீட்டில் மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தவரை யன்னலுக்கு வெளியே நின்று சுட்டார்கள். வீட்டுக்குள் கைக்குண்டும் எறிந்தார்கள். தாய், தகப்பன், மருமகன் முறையான 11 வயதுச் சிறுவன் மூவருக்கும் காயம். அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் ஒரே வயது.

அது ஊரடங்கு நேரம். வீடு இருந்தது நகரத்தின் நடுவே இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்தில். காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவே நாங்கள் பயந்த நேரம் அது. அந்த நேரத்தில் துவக்கோடும் குண்டோடும் காவலரண்களைத் தாண்டி வந்து, சுட்டுவிட்டுத் திரும்பியும் போனவர்கள் யாருக்கு இனந்தெரியாதவர்கள்?

ஒக்டோபர் 17 – வெள்ளி

வழக்கைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சந்தேகத்தில் சிலரைப் பிடித்தார்கள், பிணையில் விட்டார்கள். 2021இல் சட்டமா அதிபர் திணைக்களம் வழக்கைக் கைவிட்டது. மறு வருடம் பெப்ரவரியில் பிரித்தானியப் பொலிஸார் இந்தக் கொலை தொடர்பாக 48 வயதான ஒருவரை அங்கே கைதுசெய்தார்கள். இங்கே மூடிய கோப்பை அங்கே யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று அன்று அழுகை வந்தது. சரி, அது பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் வந்தது.

அவருக்குப் பிறகு எத்தனை ஊடகவியலாளர்களைக் கொன்றார்கள். 2004இல் மட்டக்களப்பில் நடேசன், 2005இல் கொழும்பில் கடத்தப்பட்ட சிவராம், 2006இல் திருகோணமலையில் சுகிர்தராஜன். நிமலராஜன் கொலைக்கே ஒழுங்காக விசாரணை நடந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒக்டோபர் 19 – ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. காலையில் அறிவித்தலைத் திருத்தினேன். "இனந்தெரியாத ஆயுததாரிகளால்" என்பதை வெட்டிவிட்டு, "ஊரடங்கு நேரத்தில், உயர்பாதுகாப்பு வலயத்தில், தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை" என்று எழுதினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். "தாய் தகப்பனுக்கும் அந்தப் பெடியனுக்கும் காயம் பட்டதையும் எழுது" என்றார். பத்து வரிக்கு மேல் போய்விட்டது. பரவாயில்லை, அப்படியே கொண்டுபோய் ஒட்டிவிட்டு வந்தேன்.