வாசிப்பைக் காதால் அளப்பது

ஜூன் 5, வியாழன்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் தரம் 2 வகுப்பு. கற்பித்தல் பயிற்சிக்கு வந்த என் ஆசிரிய மாணவி காலையிலேயே புள்ளிப் பட்டியலை நீட்டினார். வாசிப்புக்கு ஒரு பையனுக்கு 10க்கு 8.

"ஏன் 8?"

"நல்லா வாசிச்சான் மிஸ்."

"அப்ப மற்ற 2 எங்க போச்சு?"

சிரித்து மழுப்பினார். பையனைக் கூப்பிட்டோம். அதே பக்கத்தைக் கடகடவென்று ஒப்புவித்தான். அதிலுள்ள சொற்களையே இடம் மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன். 'கொக்கு' வந்ததும் நின்றான். கொம்பைப் (ெ) பார்த்து 'கெ' என்றான், அரவைப் (ா) பார்த்து 'கா' என்றான். இரண்டும் ககரத்தின் இரு பக்கமும் நின்று ஒரே ஒலியைத் தருவது அவனுக்குப் பிடிபடவில்லை. 8 என்ற எண்ணில் இது எங்கே தெரியும்?

ஜூன் 6, வெள்ளி

இன்று ஆசிரிய மாணவர் எல்லோருக்கும் வாசிப்புப் பதிவு பழக்கினேன். நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே வகுத்த முறை. பிள்ளை சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு குறி. பிழைத்தால் அவன் வாயில் வந்ததை அப்படியே எழுத வேண்டும். தானே திருத்திக்கொண்டால் பிழையில்லை. நூற்றுக்கு 90க்குக் கீழே போனால் அந்தப் பாடம் பிள்ளைக்குக் கடினம் என்பது கணக்கு.

அதே பையன் 50 சொல்லில் 6 பிழை, 88 வீதம். ஆனால் 'வீட்டுக்குள்ளிருந்து' என்பதை 'வீட்டுக்குள்ள இருந்து' என்று வாசித்ததும் அந்த ஆறில் ஒன்று! அது அவன் வீட்டுப் பேச்சு, பொருள் விளங்கித்தான் வாசித்திருக்கிறான். 'கால்' என்பதைக் 'கல்' என்றானே, அதுதான் கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்துக்குப் போட்ட எல்லைக்கோட்டை, வேற்றுமை உருபும் சாரியையும் ஒட்டி நீளும் நம் சொற்களுக்கு அப்படியே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. தெருவில் தன்சல் (இலவச உணவு) வரிசை. வீட்டில் பதிவுகளைப் பிரித்தேன். குறில் நெடில் தடுமாறுபவர்கள் ஒரு கட்டு, கொம்பும் அரவும் சேர்ந்தால் திணறுபவர்கள் இன்னொன்று. பக்கத்து வீட்டம்மா தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு விசாரித்தார். பிள்ளை தரம் 2! என்னத்தைச் சொல்ல.

ஜூன் 11, புதன்

ஐந்து பிள்ளைகளுக்கு மட்டும் அட்டை வேலை: கொம்பு, க, அரவு தனித்தனியாக. முதலில் ஒலியைச் சொல்லி, அப்புறம் அட்டையை அடுக்கினார்கள். 'கொடி', 'கொய்யா' வந்தன. 'கோழி'யில் மீண்டும் சிக்கல், இரட்டைக் கொம்புக்குப் (ே) பதிலாக ஒற்றைக் கொம்பையே எடுத்தார்கள்.

வகுப்பாசிரியை கேட்டார்: "முப்பத்தைந்து பேருக்கும் இப்படி எழுத நேரமிருக்கா தங்கச்சி?" மாணவி யோசித்துவிட்டு, "சித்திர நேரத்தில் நாளுக்கு மூன்று பேர், மிஸ்" என்றார். சரி, பார்க்கலாம். நாளை முதல் மூவர்.